நாற்பது சரி, ஒரு வேண்டாம்

அம்மா சின்னவளுக்குத் தலை வாரிவிடும் நேரத்தில்தான் தினமும் அடுப்பில் பால் பொங்கி வழியும். பெரியவள் அடுப்புப் பக்கத்திலேயேதான் நிற்பாள். கண்ணும் திறந்துதான் இருக்கும். ஆனால் அது பால் மேல் இருக்காது.

"அந்தப் பாலப் பாருடி. கண்ண எங்க வச்சிருக்க?" என்பாள் அம்மா, சீப்பை நிறுத்தாமலேயே.

கண்ணை எங்கே வைத்திருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் பாதிச் சண்டை நடந்தே இருக்காது. சிக்கெடுக்கும்போது சின்னவள் 'ஸ்ஸ்' என்றால் போதும், அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். "வலிக்குதா கண்ணு?" என்று ஒரு கேள்வி வேறு. பெரியவளுக்கும் தலையில் முடி இருந்தது. இடுப்பு வரைக்கும் இருந்தது. அந்தத் தலையில் அம்மாவின் விரல் பட்டுப் பதினைந்து இருபது வருஷம் ஆகியிருக்கும்.

சின்னவள் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டை விட்டுத் தம்பியாகப் போனவள். இந்த வருஷம் தங்கையாகத் திரும்பி வந்தாள். போனபோது, "இனிமே இந்தப் படி ஏறாத" என்று கதவைச் சாத்தியதும் இதே அம்மாதான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு என்ன நினைத்தாளோ, ஆள் விட்டுத் தேடி, போன் நம்பர் வாங்கி, அழுது கூப்பிட்டுக்கொண்டாள். வந்த நாளிலிருந்து பதினோரு வருஷப் பாசத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறாள். தன் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி அவள் காதில் போட்டுவிட்டாள்.

பெரியவளும் திரும்பி வந்தவள்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், ஒரு பையோடு வந்து நின்று எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அம்மா, "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான் வரவேற்பு.

பையனாக இருந்தபோதும் அவன்தான் ஒசத்தி. பெரிய மீன் துண்டு அவனுக்கு, புதுத் துணி முதலில் அவனுக்கு. ஆம்பளைப் பிள்ளை, வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதானே என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தாள். மகள் என்கிற இடமாவது தனக்கென்று இருந்தது. இப்போது அந்த இடத்திலும் வந்து உட்கார்ந்தாயிற்று. ஆம்பளையாக இருந்தாலும் அவனேதான், பொம்பளையாக ஆனாலும் அவளேதான் என்றால், நான் என்ன இந்த வீட்டுக்கு வழிப்போக்கியா? இதை அவள் வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. உள்ளுக்குள் கேட்டுக் கேட்டுத்தான் பால் பொங்கியது.

சட்டை தைக்கும் கம்பெனியில் பெரியவளுக்கு வேலை. மூன்றாம் லைனில் காலர் வைப்பாள். ஒரு சட்டையில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம், காலர் மட்டும் எல்லார் கைக்கும் வராது. இரண்டு முனையும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் கழுத்துக் கோணிக்கொள்ளும். ஏழெட்டு வருஷமாக அவளுக்குக் 'காலர் அக்கா' என்றுதான் பேர். அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் சின்னவளையும் அவளேதான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். சின்னவளுக்கு அதே லைனில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. முதல் வாரம் எல்லாரும் அவளைக் 'காலர் அக்கா தங்கச்சி' என்றார்கள். ஒரு மாதம் போவதற்குள், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பெரியவளைக் காட்டி, "இவங்க யாரு? ஓ, சின்னவளோட அக்காவா?" என்று கேட்டாள். அன்றைக்கு மூன்று காலர் கோணிப்போனது.

சின்னவள் வாய் அப்படி. யாரைப் பார்த்தாலும் ஒரு கேலி, ஒரு சிரிப்பு. பட்டன் மெஷினில் உட்காரும் பட்டன் அக்கா, பெரியவளுக்கு ஏழு வருஷக் கூட்டாளி. அவளே இப்போது, "உன் தங்கச்சி இல்லாட்டி பொழுதே போக மாட்டேங்குதுடி" என்கிறாள். இத்தனை வருஷமாக அவளுக்குப் பொழுது எப்படிப் போயிற்றாம்?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாடுதான் பெரியவளால் தாங்க முடியவில்லை. மணி அடித்ததும் சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்விடுவாள். நடந்தால் கால் மணி நேரம், ஓடினால் பத்து நிமிஷம். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். முகமெல்லாம் வேர்த்து, மணி அடிக்கும்போது திரும்பி வந்துவிடுவாள். பெரியவள் காலையில் கட்டிக்கொண்டு வந்த ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டு, வீட்டில் அம்மா தட்டு வைத்து, சூடாகப் போட்டு, விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வாய்க்கும் நினைத்துக்கொள்வாள்.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஆளாளுக்கு வேர்த்துக் கொட்ட, லைன் நிற்காமல் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போகிறவர்கள் லேட்டாக வருகிறார்கள் என்று, மத்தியானம் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர். மறுநாளே சின்னவள் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். பெண்கள் பக்கத்துக் கழிப்பறையைத் தானும் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் எந்தப் பக்கமும் சாயத் தைரியம் இல்லாதவர். சாயங்காலம், அந்தக் கழிப்பறைக்குப் போகிற மூன்றாம் லைன் பெண்களை மட்டும் நிறுத்தி வைத்தார். "திருநங்கைன்னு சொல்லித்தான் வேலைக்கு எடுத்திருக்கோம். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்தப் பக்கம் போறது நீங்க. நீங்கதான் முடிவு பண்ணணும். நாளை மறுநாள் ஆளுக்கொரு சீட்டு. சரி, இல்லன்னா வேண்டாம். பேர் எழுத வேணாம். ஒருத்தருக்கு இஷ்டமில்லன்னாலும் நான் செய்ய மாட்டேன். அப்புறம் மேல யாராவது எழுதிப் போட்டா என் தலைதான் உருளும்."

மறுநாள் மத்தியானம் ஒருத்தியும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பேச்சுதான். சின்னவள் இவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று நாகரிகமாக மாடிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் பிடிக்கலப்பா," என்று முதலில் ஆரம்பித்தது நூல் அக்கா. பிசிறு நூல் வெட்டுகிறவள். அவள் மகளும் அதே லைனில் சட்டைக் கை மடித்துத் தைக்கிறாள். "வயசுப் பொண்ண வச்சிருக்கேன். அவளத் தப்பா சொல்லல. நல்ல பொண்ணுதான். ஆனா இன்னிக்கு இவ, நாளைக்கு இவ பேரச் சொல்லிக்கிட்டு எவனாவது வேஷம் போட்டு உள்ள வந்தா?"

"வேஷம் போட்டு வர்றவன் சீட்டு எழுதிக் கேட்டுட்டா வருவான்?" என்றாள் பட்டன் அக்கா. "நமக்கென்ன அங்க தனித்தனி ரூம் இல்லையா, தாழ்ப்பாள் இல்லையா?"

"தாழ்ப்பாள் இருக்கு. மனசு கேக்கணுமே."

"மொத நாள் அவ ஆம்பளைங்க பக்கம் போனப்ப என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? வெளிய நின்னு கதவத் தட்டி, விசிலடிச்சு, பாட்டுப் பாடியிருக்கானுங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கல அவ."

நூல் அக்காவின் மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஒண்ணரை மாசமா எங்கதான் போறாங்க?"

"அத அவ அக்காவல்ல கேக்கணும்," என்று பட்டன் அக்கா திரும்பினாள். எல்லார் முகமும் கூடவே திரும்பியது.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் பெரியவள். "மத்தியானம் வீட்டுக்குப் போயி சுடச்சுடத் தின்னுட்டு வருவா. அப்ப போவாளா இருக்கும்."

சொன்னது அவள் வாய்தான். ஆனால் அதன் முன்பாதி மட்டும்தான் அவள் காதில் ஏறியது. பின்பாதியைக் காதில் வாங்கியிருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும்.

"நீ என்னடி சொல்ற? உன் வீட்டுப் பொண்ணு. நீ சொன்னா நாங்க கேட்டுக்கறோம்," என்றாள் நூல் அக்கா.

"நான் என்னத்தச் சொல்ல? அவங்கவங்க இஷ்டம்."

அடுத்த நாள் கொடுத்த சீட்டு என்பது வெட்டுமேஜையில் மிஞ்சிய பழுப்புத்தாள் துண்டு. பெட்டி என்பது ஒரு அட்டைப் பெட்டி. பெரியவள் துணியில் குறி வைக்கும் பென்சிலை எடுத்தாள். மெஷினுக்கு மேலே குனிந்துகொண்டு யோசித்தாள். வீடு போயிற்று, அம்மா போனாள், கூட்டாளி போனாள், பேரும் போயிற்று. எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பின்பக்கத்து மூன்று கழிப்பறையும், தினம் அங்கே கிடைக்கும் அஞ்சு நிமிஷமும்தான். அதிலும் வந்து நிற்க வேண்டுமா இவள்? நூல் அக்கா எப்படியும் வேண்டாம் என்றுதான் எழுதுவாள். அவள் மாதிரி பத்துப் பேராவது இருப்பார்கள். பத்தோடு பதினொன்று. 'வேண்டாம்' என்று எழுதி நாலாக மடித்துப் போட்டாள்.

மேனேஜர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சரி. சரி. சரி. பத்து சரி வந்தபோது பெரியவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபது வந்தபோது பெட்டியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்தாள். முப்பதைத் தாண்டியதும் பெண்கள் பக்கம் மெல்லச் சிரிப்புக் கிளம்பியது. யாரோ சின்னவளின் தோளில் தட்டினார்கள். முப்பத்தேழாவதாகவோ முப்பத்தெட்டாவதாகவோ அந்தத் துண்டு வந்தது.

"வேண்டாம்," என்று படித்துவிட்டு மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சத்தையும் பிரித்தார். எல்லாம் சரி. நாற்பது சரி, ஒரு வேண்டாம்.

நாற்பது பேரும் நூல் அக்காவைப் பார்த்தார்கள்.

"நான் இல்ல," என்றாள் அவள். "ராத்திரியெல்லாம் என் பொண்ணு எங்கூடச் சண்ட போட்டா. யோசிச்சுப் பாத்தேன். சரின்னுதான் எழுதினேன். என் பொண்ணு மேல சத்தியமா நான் இல்ல."

யார் நம்புவார்கள்? முதல் நாள் வாய் கிழியப் பேசியவள் அவள்தானே. பட்டன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற மகளே ஒரு மாதிரிப் பார்த்தாள். பெரியவள் தன் மெஷினில் உட்கார்ந்து, ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசிக்கு மறுபடி நூல் கோத்தாள்.

சின்னவளுக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன்கள் போகிற இடம். அதற்குக் கதவு என்று இருந்தது பாதித் தகரம். சின்னவள் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள். அந்தப் புழுக்கத்தில், இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் சட்டை பார்த்தாள். கேலி நின்றுபோயிற்று. உதடு வெடித்திருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

வீட்டில் அம்மா சபிக்க ஆரம்பித்தாள்.

"எவடி அவ? அவ நல்லா இருப்பாளா? எம்புள்ள போயிட்டு வந்தா அவ வீட்டுச் சொத்து கொறஞ்சிடுமா? எழுதின கை வெளங்குமா?"

பெரியவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுதின கையில்தான் கத்தி இருந்தது. பயம் வந்திருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். அதெல்லாம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. புகுந்த வீட்டில் மூன்று வருஷம் அவள் பட்ட பாட்டுக்கு அம்மா ஒருத்தரையாவது இப்படி வாய் நிறையச் சபித்திருப்பாளா? "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்," என்றுதானே சொன்னாள். எனக்காக ஒரு சாபம் கூட இல்லை இவளிடம் என்று நினைத்துக்கொண்டே, தன் தலையில் விழும் சாபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் சின்னவள் லைனிலேயே சுருண்டு விழுந்தாள். அனலாகக் காய்ந்தது உடம்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார்கள். சிறுநீரை அடக்கி அடக்கிக் கிருமி பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கே ஏறியிருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

அவள் தூங்கின பிறகு அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து, தனக்குத்தானே பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"கேட்டப் பூட்டாம இருந்த வரைக்குமாவது மத்தியானம் ஓடி வந்துட்டு இருந்தா."

"ஆமா. வந்து வயிறாரத் தின்னுட்டுப் போவா," என்றாள் பெரியவள். நோயாளி மேல் கூட அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தின்னாளா? யாரு சொன்னா உனக்கு? ஒரு நாளாவது உக்காந்திருப்பாளா அவ? செருப்பக் கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவா. வெளிய வந்து மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, நேரமாச்சும்மான்னு திரும்ப ஓடுவா. ஒரு வாய் தின்னுட்டுப் போடின்னு வாசல் வரைக்கும் சோத்த உருட்டிக்கிட்டுப் போவேன். வாங்க மாட்டா. அந்தச் சோத்த நாந்தான் திங்கணும்."

பெரியவள் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள். ஒன்றரை மாதமாக ஒவ்வொரு வாய்க்கும் அவள் எண்ணி எண்ணிப் பொறாமைப்பட்ட அந்தச் சூடான சாப்பாடு, அந்த விசிறி, எதுவுமே இல்லை. அவள் தங்கை பட்டினியாக ஓடிப் பட்டினியாகத் திரும்பியிருக்கிறாள். கை கழுவி, பாயில் போய்ப் படுத்தாள். அழுகை வரவில்லை. தன்மேல் அருவருப்புத்தான் வந்தது.

காலையில் கம்பெனிக்குப் போனபோது நூல் அக்கா ஒரு ஓரமாக நின்று தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. பெரியவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்காடி? நான் வந்து பாக்கலாமா? உங்கம்மா என்னய உள்ள விடுவாங்களா? நான் எழுதலடி. நீயாவது நம்புடி."

"நம்பறேன்க்கா," என்றாள் பெரியவள். அவள் ஒருத்திதான் நம்பியே ஆக வேண்டியவள்.

மேனேஜர் அன்றைய கணக்குச் சொல்ல லைனுக்கு வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"சார், அந்த வேண்டாம் நான் எழுதினது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டன் அக்கா, "என்னடி உளர்ற?" என்றாள்.

"உளறல. நாந்தான் எழுதினேன். இப்ப அத வாபஸ் வாங்கிக்கறேன். நூலக்கா சத்தியம் பண்ணினது நெசம்."

மேனேஜர் சங்கடப்பட்டார். உள்ளே போய் ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "வாங்கிக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா எழுதி வைக்கணும். மொதல்ல ஏன் வேண்டாம்னீங்க, இப்ப ஏன் சரின்னு." குரலைத் தணித்துக்கொண்டார். "பயம்னு போட்டுடறேன். பாதுகாப்பு பத்தின பயம். எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதான், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. என்ன?"

நல்ல வார்த்தை. மானத்தோடு உட்கார்ந்துகொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையைத் தலையாட்டி வாங்கிக்கொண்டால் நாளைக்குப் பாதிப் பேர், 'பாவம், அவளுக்கும் பயம் இருக்காதா?' என்பார்கள். உண்மையில் பயப்பட்ட நூல் அக்கா அதை வெளிப்படையாகச் சொல்லி, யோசித்து, சரி என்று எழுதிவிட்டு, பத்து நாள் தனியாகத் தேநீர் குடித்தாள். அவள் பயத்தை எடுத்து நான் போர்த்திக்கொள்வதா?

"பயமெல்லாம் இல்ல சார்," என்றாள் பெரியவள். "அவளும் நானும் ஒரே வீடு, ஒரே பாத்ரூம். எனக்கென்ன பயம்? பொறாமை சார்."

"என்னது?"

"பொறாமை. எங்கம்மா அவளுக்குத்தான் எல்லாம் செய்யுது. எனக்குச் செய்யல. அதான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அந்தப் பதிவேட்டில் இதற்கு முன் அப்படி ஒரு காரணம் வந்ததில்லை.

"எழுதுங்க சார்," என்றாள் நூல் அக்கா கரகரத்த குரலில். "அவ சொன்னத அப்படியே எழுதுங்க."

எழுதினார். பெரியவள் கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்க ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. பட்டன் அக்கா மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நூல் அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். நியாயம்தான் என்று தோன்றியது பெரியவளுக்கு. இருந்தும் வலித்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சின்னவளே, மேனேஜர் சரின்னுட்டாரு. திங்கக்கிழமையிலருந்து நீ எங்க பக்கமே போலாம்."

"நெசமாவாக்கா?" சின்னவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சொம்பைத் தூக்கி, கழுத்து வழியே வழிய வழியக் குடித்தாள். "இனிமே எவ்வளவு வேணும்னாலும் குடிப்பேன், பாரு."

அம்மா கஞ்சியைக் கீழே வைத்தாள். "அந்தப் பாவி மனசு மாறிட்டாளா? அப்ப யாருன்னு தெரிஞ்சிருக்குமே. யாருடி அவ?"

பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"நாந்தாம்மா."

சின்னவளின் கையிலிருந்த சொம்பு பாதியில் நின்றது. "அக்கா..." என்றாள். பிறகு, "பத்து நாளா நான் நூலக்கா கூடப் பேசவே இல்லியே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா சபிக்கவில்லை. சின்னவள் பக்கம் திரும்பவும் இல்லை. பெரியவளையே பார்த்தாள். நெற்றியை, கண்ணை, காய்ந்த உதட்டை, நூல் ஒட்டிய கையை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அம்மா அவளை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. தலையைக் குனியத் தோன்றாமல், பெரியவள் அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.